பங்காளியும் பங்கற்றவரும்: வசிஷ்ட நதிக்கரையிலிருந்து ஒரு பார்வை

அண்ணன் தம்பி இருவர் முகம்கொடுத்துப் பேசிக்கொள்ளாவிட்டால் ஊரில் முதலில் எழும் கேள்வி, "என்ன, வாய்க்கா வரப்புத் தகராறா?" என்பதுதான். தண்ணீருக்கும் நில எல்லைக்கும் வரும் சண்டைக்கென்றே தமிழ் ஒரு தொடரை வைத்திருக்கிறது. கேட்பவர் குரலில் பதற்றம் இருக்காது, சலிப்புதான் இருக்கும். அடுத்த வயல்காரரோடு மட்டுமே வரக்கூடிய தகராறு இது. அந்த அடுத்த வயல்காரர் பெரும்பாலும் பங்காளி. ‘பங்காளி’ என்ற சொல் தந்தைவழி உறவினரைக் குறிக்கிறது, பங்கு உடையவரைக் குறிக்கிறது, பேச்சுவழக்கில் சண்டைக்காரரையும் குறிக்கிறது. மூவரும் ஒரே ஆளாக இருப்பது கிராமத்தில் யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கும் கூட்டு வன்முறைக்கும் என்ன தொடர்பு என்று சமூக அறிவியல் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. தண்ணீர் வற்றினால், காடு அழிந்தால், ஆறு நாறினால் மக்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வார்களா? சேலம் மாவட்டம் ஆத்தூரையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் வைத்து இதைப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. ஆறு கெட்டுப்போன சமவெளியில் கோபம் மனுவாகவும், எப்போதாவது சாலை மறியலாகவும் வெளிப்பட்டு அடங்கிவிடுகிறது. ஆற்றைக் கெடுத்ததில் கையே வைக்காத மலைமக்கள்மீதோ, நம் நினைவில் இருக்கும் காலத்திலேயே கொடிய வன்முறை பாய்ந்திருக்கிறது. பற்றாக்குறையின் அளவைக் கொண்டு இதை விளக்க முடியாது. யாருடைய பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, யாருடையது மறுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு விளக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நதியும் முறைப்பாசனமும்

குறுநில மன்னர்களான கெட்டி முதலிகளின் ஆத்தூர்க் கோட்டை நிற்பது வசிஷ்ட நதியின் கரையில். சேலத்துக்குக் கிழக்கே உள்ள மலைகளில் ஊறும் இந்நதி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் வழியே கிழக்கு நோக்கிப் போய், சுவேத நதியோடு கலந்து வெள்ளாறு என்ற பெயரில் பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. தலைப்பகுதியில் இரண்டு அணைகள். வாழப்பாடியை அடுத்த புழுதிக்குட்டையில் ஆனைமடுவு அணை, உயரம் 67 அடி. பாப்பநாயக்கன்பட்டி பக்கம் கரியகோவில் அணை, உயரம் 52 அடி. மலையில் மழை பிடித்தால் நிரம்பும். பிடிக்காவிட்டால் ஆற்றில் மணலும் சீமைக் கருவேலமும்தான்.

அணை நிரம்பிய ஆண்டுகளில் இங்கே ஒரு பழைய கேள்வி உயிர்பெறும்: முதலில் பழைய ஆயக்கட்டுக்கா, புதிய ஆயக்கட்டுக்கா? ஆற்றில் விட்டு ஏரிகளையும் பழைய வாய்க்கால்களையும் நிரப்புவது பழைய ஆயக்கட்டு. அணை கட்டிய பிறகு வெட்டிய கால்வாயில் பாய்வது புதிய ஆயக்கட்டு. கூட்டம் கூடும். குரல் உயரும். பொதுப்பணித் துறைக்காரர் நடுவில் உட்கார்ந்திருப்பார். எத்தனை நாள், எந்தப் பக்கம், எத்தனை கன அடி என்று முறை வைப்பார்கள். யாரும் முழுத் திருப்தியோடு எழுந்து போவதில்லை. ஆனாலும் மதகு திறக்கும்.

மேலே இப்படி ஒரு முறை இருந்தாலும் அடியில் முறையே கிடையாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வகைப்பாட்டில் ஆத்தூர் வட்டாரம் ஊற்றுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதி. கிணறு வற்றி ஆழ்துளைக் கிணறு வந்தது. அது நூறு அடிகளில் தொடங்கி ஆயிரம் அடியைத் தொட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழமாகப் போட்டால் இவர் கிணறு காய்கிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் பாறை இடுக்கில் நடக்கும் களவு. யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. வாய்க்காலில் மடை திருப்பியவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கலாம். பூமிக்குள் மடை திருப்பியவரை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது?

பற்றாக்குறை சண்டை மூட்டுமா?

வளம் குறைந்தால் வன்முறை பெருகும் என்ற எண்ணம் மால்தஸ் காலத்தது. 1968-இல் காரெட் ஹார்டின் பொதுவளங்கள் எல்லாருடைய பேராசையாலும் அழிந்தே தீரும் என்று எழுதினார். 1994-இல் அமெரிக்க இதழாளர் ராபர்ட் காப்லன், வறட்சியும் மக்கள் பெருக்கமும் உலகின் ஏழை நாடுகளைக் குழப்பத்தில் தள்ளப்போகின்றன என்று எச்சரித்தார். கனடாவின் தாமஸ் ஹோமர்-டிக்ஸன் 1999-இல் வெளியிட்ட நூலில் இதையே நிதானமாகச் சொன்னார்: பற்றாக்குறை நேரடியாகச் சண்டை மூட்டுவதில்லை, இடப்பெயர்வு, வலுவிழந்த அரசு, வளத்தை வலியவர் கைப்பற்றுதல் ஆகியவற்றின் வழியே மூட்டுகிறது. 2013-இல் சாலமன் சியாங் முதலிய பொருளியலாளர்கள் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து, வெப்பமும் மழை மாற்றமும் மிகும்போது குழு மோதல்களும் மிகுகின்றன என்று காட்டினார்கள். ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் சராசரிகள் எப்போது அடி விழும் என்பதைச் சொல்லும். யார் முதுகில் விழும் என்பதைச் சொல்லா.

சேலம் மாவட்டத்தின் சொந்த வரலாறே இந்த வாதத்தைச் சோதிக்கப் போதும். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் இங்கே கடுமையாக அடித்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்துக்குச் சரிந்தது. இதைவிடப் பெரிய பற்றாக்குறையைக் காட்ட முடியாது. தானியத் திருட்டும் கொள்ளையும் பெருகின என்பது உண்மை. ஆயினும் அழிவின் அளவுக்கு ஈடான கிளர்ச்சி எழவில்லை. பசித்தவர்கள் சாலையோரங்களிலும் நிவாரண முகாம்களிலும் செத்தார்கள்.

இதற்கு மாறாக 1918-இல் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கலகங்கள் வெடித்தன. வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்போது நாட்டில் தானியம் அறவே இல்லாமல் போய்விடவில்லை. போர்க்கால விலையேற்றத்தில் வணிகர்கள் பதுக்குகிறார்கள், நியாய விலைக்குத் தர மறுக்கிறார்கள் என்பதே கூட்டத்தின் கோபம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களைப் பற்றி ஈ. பி. தாம்ப்ஸன் 1971-இல் எழுதியதும் இதுதான். வயிறு மட்டும் கலகம் செய்வதில்லை. தனக்கு உரியது மறுக்கப்படுகிறது என்ற நியாய உணர்வு சேர வேண்டும். அமர்த்தியா சென் 1981-இல் பஞ்சங்களைப் பற்றிச் சொன்னதை இதன் மறுபக்கமாகக் கொள்ளலாம். உணவு இல்லாததைவிட, இருக்கும் உணவின்மேல் உரிமை இல்லாமற்போவதே மக்களைக் கொல்கிறது.

2001-இல் நான்சி பெலுஸோவும் மைக்கேல் வாட்ஸும் தொகுத்த நூல் ஹோமர்-டிக்ஸன் சிந்தனைப் பள்ளியை நேருக்கு நேர் மறுத்தது. வளம் மிகுந்திருக்கும் இடத்திலும் வன்முறை உண்டு. எண்ணெய் வயலும் காடும் சுரங்கமுமே சாட்சி. வளத்தின் மேல் யாருக்கு அதிகாரம், யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போடும் அரசியலைப் பார்க்கச் சொன்னார்கள். ஆத்தூருக்கு வடக்கே தெரியும் மலைகளில் அந்தக் கோடு எப்படிப் போடப்பட்டது என்று பார்ப்பதற்கு முன், சமவெளியின் அமைதியைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜவ்வரிசியின் அமைதி

இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கைத்தொழில் சேலம், நாமக்கல் சமவெளி முழுவதும் பரவியது. 1981-இல் உற்பத்தியாளர்களுக்காக ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு போடாத தோட்டத்தைத் தேட வேண்டும். மானாவாரியிலும் வரும், பத்து மாதம் காத்திருந்தால் மொத்தமாகப் பணமும் வரும்.

அறுவடைக் காலத்தில் ஆலைக்குள் போனால் முதலில் காதில் விழுவது தண்ணீரின் சத்தம். லாரியிலிருந்து சரிந்த கிழங்கு தோல் உரிந்து, கழுவப்பட்டு, அரைபடுகிறது. அரைத்த கூழிலிருந்து மாவுப்பால் பிரிகிறது, திப்பி தனியே ஒதுங்குகிறது. மாவுப்பால் தொட்டிகளில் தங்கி, மாவு அடியில் படிய, மேல்நீர் வடிக்கப்படுகிறது. படிந்த மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசி. ஒவ்வொரு படியிலும் தண்ணீர். பழைய முறை ஆலைகளில் ஒரு டன் ஜவ்வரிசிக்குப் பல்லாயிரம் லிட்டர் கழிவுநீர். கிழங்கின் இயல்பான சயனைடு சத்தும், புளித்துப்போகும் மாவுச்சத்தும் அதில் உண்டு. தேங்கினால் இரண்டு நாளில் எழும் புளித்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அது இறங்கிய கிணற்றில் மாடு வாய் வைக்காது. இப்போது பல ஆலைகள் இந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கின்றன. நிலைமை சில இடங்களில் மேம்பட்டிருக்கிறது. என்றாலும் நதியில் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்தபின் எந்தக் கறுப்பு யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனை கெட்ட ஆற்றின் கரையில் ஏன் பெருங்கோபம் மூளவில்லை? கிழங்கு விற்கும் முறையைக் கவனித்தால் விடை கிடைக்கும். மரவள்ளிக்கு விலை எடையோடு நிற்பதில்லை; மாவுச்சத்தின் ‘பாயின்ட்’டும் பார்க்கப்படும். அந்தப் பாயின்ட் பார்ப்பது ஆலையில். இரண்டு பாயின்ட் குறைத்துச் சொன்னால் விவசாயியின் பத்து மாத உழைப்பில் ஒரு துண்டு போய்விடும். ஆலைக்காரர் பல நேரங்களில் ஒரு காலத்தில் இவரைப்போலவே கிழங்கு போட்டவர், இவருடைய சாதிக்காரர், ஒருவேளை சம்பந்தி. முன்பணம் தந்தவரும் அவரே. கழிவுநீரைப் பற்றி மனு எழுதும் கை, அடுத்த வாரம் அதே வாசலில் லாரிக்குக் காத்திருக்க வேண்டிய கை.

மானுடவியலாளர் மாக்ஸ் குளுக்மன் 1955-இல் ஆப்பிரிக்கச் சமூகங்களைப் பற்றி எழுதும்போது இதைத்தான் சொன்னார். ஒரு விஷயத்தில் எதிரிகளாக இருப்பவர்கள் இன்னொரு விஷயத்தில் உறவினர்களாகவோ கூட்டாளிகளாகவோ இருந்தால் சண்டை ஓர் எல்லையைத் தாண்டாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் உறவுகள் சமூகத்தைத் தைத்து வைக்கின்றன. ஆத்தூர்ச் சமவெளி அப்படித் தைக்கப்பட்ட துணி. கலவரம் இல்லாததற்கு அந்தத் தையல் காரணம். நியாயம் தாமதப்படுவதற்கும் அதே தையல்தான் காரணம். லாபத்தில் பங்குள்ளவர்கள் சேதத்தைப் பற்றி அடக்கி வாசிக்கிறார்கள். கிழங்கும் விற்காமல், ஆலையும் இல்லாமல், கெட்ட கிணற்றுத் தண்ணீரை மட்டும் பங்காகப் பெற்ற கூலிக் குடும்பங்களுக்கு அந்தத் தையலில் இடமில்லை. குடிநீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றிக்கொண்டு போகும் பெண் எந்தக் கணக்கிலும் பங்காளி அல்ல.

யோஹான் கால்டுங் 1969-இல் ‘கட்டமைப்பு வன்முறை’ என்று ஒன்றைப் பேசினார். அடிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், அமைப்பே அடிப்பது. ராப் நிக்ஸன் 2011-இல் இதற்குக் காலத்தின் பரிமாணத்தைச் சேர்த்து, மெல்ல நிகழும் வன்முறை என்றார். வெடிச்சத்தம் இல்லை, செய்தி இல்லை, ஆண்டுக்கணக்கில் உடம்பிலும் மண்ணிலும் ஏறிக்கொண்டிருக்கும். சமவெளியின் அமைதிக்குள் இருப்பது இந்த வகை.

மலைக்கு விழுந்த கோடு

ஆத்தூரிலிருந்து வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை. அதற்கு அப்பால் மேற்கே சித்தேரி மலை. இரண்டிலும் பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர், பேசுவது தமிழ். 1882-இன் சென்னை வனச் சட்டம் காட்டின் மீது கோடு போட்டது. அதுவரை விறகு பொறுக்கியவர், தேன் எடுத்தவர், ஆடு மேய்த்தவர் எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் குடிமக்கள், அந்தப் பக்கம் போனால் குற்றவாளிகள். கல்வராயனில் ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதன் பிறகும் நிலத்துக்குப் பட்டா எளிதில் கிடைக்கவில்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் வந்தபின்னும் தமிழ்நாட்டில் வழக்குகளால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

சித்தேரி அடிவாரத்தில், அரூர் வட்டத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் சந்தனக் கட்டைகளைத் தேடி அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர்மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றையும் பாழாக்கினார்கள். காட்டைக் காக்கப் போவதாகச் சொன்னவர்கள் ஒரு ஊரின் குடிநீரைக் கெடுத்துவிட்டு வந்தார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் வழக்கு நடத்தின. 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பவம் நடந்து 31 ஆண்டுகள்.

சந்தனம் தீர்ந்தபின் செம்மரம் வந்தது. மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் 1995-இல் இந்தியரை மூன்றாகப் பிரித்தார்கள்: சுற்றியுள்ள இயற்கையை நம்பி வாழ்பவர்கள், எங்கிருந்தும் எதையும் எடுத்து நுகர வல்லவர்கள், வாழ்விடம் கெட்டு வெளியேறிய சூழல் அகதிகள். கல்வராயனிலும் சித்தேரியிலும் ஜவ்வாதுமலையிலும் மானாவாரிச் சாமையும் தினையும் கைவிட்டபோது, கோடரி பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் மூன்றாம் வகையில் சேர்ந்தார்கள். தரகர்கள் வந்து அவர்களைச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சிறப்புப் படை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் 5 உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன் மலைக்காரர்கள், கருமந்துறைப் பக்கம்.

வெட்டிய மரத்தின் மதிப்பில் வெட்டுக்கூலியின் பங்கு மிகச் சிறியது. மரத்தை வாங்கும் சந்தை கடல் தாண்டியிருக்கிறது, இடையில் பல கைகள் இருக்கின்றன. துப்பாக்கி எட்டியதோ கோடரி பிடித்த கையை மட்டும். அதற்குக் காரணம் தேடக் கோட்பாட்டு நூல்கள் அதிகம் வேண்டாம். அந்தக் காட்டில் அவர்கள் யாருக்கும் பங்காளி இல்லை. மொழி தெரியாது, ஆள் தெரியாது, ஊர் தெரியாது. மறுநாள் எந்த வாசலில் யார் முகத்தில் விழிப்பது என்ற கூச்சம் சுட்டவருக்கு எழ வாய்ப்பில்லை.

காவிரிக்காக அடிபட்டவர் யார்?

இதே கணக்கு இன்னும் பெரிய அளவில் காவிரியில் தெரிகிறது. நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்கால ஆணை தந்தது. டிசம்பரில் மத்திய அரசிதழில் அது வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மீது வன்முறை வெடித்தது. அரசுக் கணக்கிலேயே 18 பேர் இறந்தார்கள், பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடிவந்தார்கள். பெங்களூரில் பெரிதும் அடிபட்டவர்கள் குடிசைப் பகுதிக் கூலித் தொழிலாளர்கள். காவிரித் தண்ணீரில் ஒரு மடைகூட அவர்களுக்குக் கிடையாது. தஞ்சாவூர்க்காரரின் நெல்லுக்காகச் சேலத்திலும் தர்மபுரியிலும் இருந்து பிழைக்கப் போனவர் அடி வாங்கினார். 2016 செப்டம்பர் 12-இல் மீண்டும் அதே நகரம் எரிந்தபோது, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கே.பி.என். நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே நிறுத்துமிடத்தில் சாம்பலாயின.

காவிரிக் கரையிலேயே இருக்கும் விவசாயிகள் செய்தது வேறு. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து ‘காவிரிக் குடும்பம்’ அமைத்தார்கள். மண்டியாக்காரர் தஞ்சாவூர் வந்து வறண்ட வாய்க்காலைப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரர் கிருஷ்ணராஜ சாகரம் போய் நீர்மட்டத்தைப் பார்த்தார். உடன்பாடு வரவில்லை. ஆனால் தண்ணீரை உண்மையில் பங்கிட வேண்டியவர்கள் தகராறு செய்யும் தூரத்துக்கு வந்தார்கள். பெயருக்குக்கூட அதற்குக் ‘குடும்பம்’ என்ற சொல்லைத்தான் தேர்ந்தார்கள்.

எதைக் கலவரம் என்கிறோம்?

வரலாற்றுச் சமூகவியலாளர் சார்ல்ஸ் டில்லி கூட்டு வன்முறையைப் பற்றி எழுதியபோது ஒன்றை வலியுறுத்தினார்: அரசின் ஆட்களையும் பங்கேற்பாளர்களாக எண்ண வேண்டும். நம் காவல் நிலையப் பதிவேடுகளில் அப்படி எண்ணுவதில்லை. கூட்டம் கல்லெறிந்தால் கலவரம். 269 பேர் ஒரு ஊருக்குள் புகுந்தால் சோதனை. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-ஆவது நாளிலும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். உடனே அதற்குச் சூட்டப்பட்ட பெயர் கலவரம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தச் சூட்டுக்கு அவசியம் இருக்கவில்லை என்று அறிக்கை தந்தது பின்னால்தான். பெயர் சூட்டும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கும்போது, எந்தப் புள்ளிவிவரத்திலும் வன்முறையின் திசை தலைகீழாகத்தான் பதியும்.

அதே 2018-இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்காக 277 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் எடுக்க முனைந்தார்கள். மதிப்பீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். சேலத்துக் கிராமங்களில் எல்லைக் கல் நட வந்தவர்கள் முன் மக்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். போராடியவர்கள் கைதானார்கள். எதிர்ப்பு பெருங்கலவரமாக மாறவில்லை. வழக்குக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றியது. பட்டா உள்ளவரின் கோபத்துக்கு நீதிமன்றக் கதவு திறக்கிறது. பட்டா இல்லாத மலைக்காரருக்கு அதே கதவு திறக்க 19 ஆண்டுகள் ஆயின.

ஓர் எதிர்வாதம்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சாதி வன்முறை ஒரே ஊரில், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்களுக்கிடையே அல்லவா நடக்கிறது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் வசிக்கும் பகுதியின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அங்கே தூரம் எங்கே இருந்தது?

அறிமுகம் வேறு, பங்கு வேறு என்பதே பதில். ஒரே தெருமுனையில் தினமும் பார்த்துக்கொள்பவர்களுக்கிடையிலும் பொதுக்கிணறு, ஏரி மீன், புறம்போக்கு மேய்ச்சல் ஆகியவற்றில் ஒருவரின் பங்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளப்படாமல் இருக்கலாம். கூலி கொடுப்பதும் வாங்குவதுமான ஒருவழி உறவைக் குளுக்மன் சொன்ன குறுக்குத் தையலாகக் கொள்ள முடியாது. மறுக்கப்பட்டவர் தன் பங்கைக் கேட்கத் தொடங்கும் நாளில்தான் அங்கே வன்முறை வருகிறது. ஆகவே அளக்க வேண்டிய தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. ஒருவர் ‘எனக்கும் இதில் உண்டு’ என்று சொன்னால் மற்றவர் அதைத் தகராறாக எடுத்துக்கொள்கிறாரா, திமிராக எடுத்துக்கொள்கிறாரா என்பதே அளவுகோல்.

தகராறின் தேவை

லூயிஸ் கோஸர் 1956-இல், மோதல் சமூகத்துக்குப் பயன்படவும் செய்கிறது என்று எழுதினார். வெளிப்படையான, விதிக்குட்பட்ட சண்டைகள் உறவின் உயிரோட்டத்துக்கு அடையாளம். எலினார் ஆஸ்ட்ராம் உலகெங்கும் பாசனக் குழுக்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, ஹார்டின் சொன்ன அழிவு விதியல்ல என்று நிறுவினார். 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கண்ட வெற்றிகரமான குழுக்களின் பொதுக்குணங்களில் ஒன்று, குறைந்த செலவில் சண்டையைத் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருப்பது. எங்கும் சண்டை இருந்தது. உட்கார்ந்து சண்டை போட ஒரு திண்ணையும் இருந்தது.

நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளுக்கு நீதிமன்றமே திண்ணை. சாய ஆலைக் கழிவால் நிலம் கெட்ட அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கெடுத்தவரும் கேட்டுக்கு ஆளானவரும் ஒரே கொங்குச் சமவெளிக்காரர்கள். உறவு முறியாமலே கணக்குக் கேட்க முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்; கேட்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கும் உதாரணம்.

ஆனைமடுவு அணை நீருக்கு முறை வைக்கும் கூட்டத்தில் பழைய ஆயக்கட்டும் புதிய ஆயக்கட்டும் எதிரெதிரே உட்காருகின்றன. அந்த மேசையில் நீரின் அளவு மட்டும் பேசப்படுகிறது, அதன் தரம் பேசப்படுவதில்லை. கழிவுநீரின் பாயின்ட் என்ன என்று கேட்க அங்கே யாருமில்லை. கிழங்கின் மாவுச்சத்தை அளக்கும் ஊர், ஆற்றின் அழுக்கையும் அதே துல்லியத்தோடு அளந்து, ஆலைக்காரர், விவசாயி, நகராட்சி, குடம் சுமக்கும் பெண் நால்வரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் கண்டிப்பாகக் கூச்சல் எழும். கரியகோவில் அணைக்கு நீர் தரும் மலைக்காரரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்தால் கூச்சல் இன்னும் பெருகும். பெருகட்டும்.

ஆத்தூரில் வசிஷ்ட நதிப் பாலத்தைக் கடப்பவர்கள் கோடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை விரட்டுகிறார்கள். கீழே ஓடுவதைக் குறித்து யாரோடும் அவர்களுக்குச் சண்டை இல்லை. பங்காளிகள் இருவர் மடையில் நின்று கத்திக்கொள்ளும்போது ‘இது என்னுடையதும்தான்’ என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நதிக்கு இன்று இல்லாதது அப்படியொரு வாய்க்கா வரப்புத் தகராறு.